பின்சீட்டில் நாலாவது ஆள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்த என் அப்பா, நம்பர் ஒன் டோல்கேட்டில் நாங்கள் போன வாடகைக் காரில் ஏறினார், பின்சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்தார், சீட் பெல்ட் போடாமல் முசிறிக்குப் பக்கம்வரை வந்தார் என்று நான் நம்பினேன். அரைகுறையாக இல்லை, முழுசாக நம்பினேன். எனக்கு நாற்பத்தொன்பது வயது. கனடாவின் மிசிசாகாவில் நான் பார்க்கும் வேலையே, கம்ப்யூட்டர் சொல்வதை அப்படியே நம்பாமல் சரிபார்ப்பதுதான்.

அன்றைக்கே இன்னொரு விஷயத்தையும் நம்பினேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். என் மனைவி சுமதிக்குக்கூட அது தெரியாது.

இதை எழுத உட்கார வைத்தது எங்கள் வீட்டு டி.வி. போன சனிக்கிழமை மத்தியானம் துணி மடித்துக்கொண்டே ஏதாவது பார்க்கலாம் என்று ரிமோட்டை அழுத்தினேன். கைதவறி, படம் பார்க்கும் ஆப்பில் அப்பாவுக்கென்று அவர் பெயர் போட்டுத் தனியாக வைத்துக்கொடுத்திருந்த பக்கம் திறந்துகொண்டது. திரையில் பாதியில் நின்ற ஒரே ஒரு படம். அதன்மேல் ஒரு கேள்வி: நீங்கள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?

வீட்டில் யாரும் இல்லை. கையில் ஒற்றைக் காலுறையோடு நின்றேன். ஆமாம் என்றும் அழுத்தவில்லை, இல்லை என்றும் அழுத்தவில்லை. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

2

அது என்ன படம் என்று சொல்லியாக வேண்டும். சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பாவும் அம்மாவும் ஆறு மாதம் எங்களோடு வந்து தங்கியிருந்தார்கள். அவர்கள் ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள், எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம் என்று நானே தேடிப் போட்ட படம். ‘குடும்பம், பயணம், நகைச்சுவை’ என்று போட்டிருந்தது. மூன்றும் உண்மை. நாலாவதாக ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் வேன் எடுத்துக்கொண்டு தூரத்துக் கல்யாணத்துக்குப் போகிறது. போகிற வழியெல்லாம் விபரீதம். இருபதாவது நிமிஷத்தில் சித்தப்பாவும் சித்தியும் கூடாரத்துக்குள் செய்யக்கூடாததைச் செய்ய, கூடாரம் சரிந்து மைதானமே பார்க்கிறது. நான் ரிமோட்டைத் தேடுகிறேன். ரிமோட் அம்மாவுக்கு அடியில். அம்மா கூரையைப் பார்க்கிறாள். சுமதிக்குத் திடீரென்று மாவு கரைக்க வேண்டிய வேலை வந்துவிட்டது. என் மகள் தன்யா மட்டும், “ரிலாக்ஸ்ப்பா, இதெல்லாம் ஒண்ணுமே இல்ல” என்றாள். அதற்கு அப்போது வயது பதினஞ்சு. அந்த ‘ஒண்ணுமே இல்ல’ என்னைத் தனியாக ஒரு மாதம் படுத்தியது.

அடுத்துதான் அந்தக் காட்சி. வேனில் வந்த தாத்தா பெட்ரோல் பங்க்கில் குளிக்கப் போகிறார். வெளியே வந்து பார்த்தால் வேன் இல்லை, அவருடைய துணி வேனோடு போய்விட்டது. ஒரு ரோடு மேப்பை முன்னால் பிடித்துக்கொண்டு நெடுஞ்சாலையில் நிற்கிறார். காற்று அடிக்கிறது. மேப் பறக்கிறது.

அப்பா சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு சட்டென்று முகம் மாறி, “வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி ஒருத்தனாவது ஆள் எண்ணினானா பாரு” என்றார்.

அப்பா திருச்சி–நாமக்கல் ரூட்டில் முப்பது வருஷம் கண்டக்டர். பஸ்ஸில் மட்டுமில்லை, கல்யாணத்துக்கு வேன் எடுத்தாலும், நாங்கள் நாலு பேர் ஆட்டோவில் ஏறினாலும், தலையை எண்ணி முடிக்காமல் ‘போலாம் ரைட்’ சொல்ல மாட்டார். அவரைப் பொறுத்தவரை அந்தத் தாத்தா அம்மணமாக நின்றது ஆபாசமில்லை. ஆள் எண்ணாமல் வண்டியை எடுத்ததுதான் ஆபாசம்.

“மிச்சத்தக் காலைல பாக்கலாம்” என்று எழுந்து போனார். காலையில் பெட்டி கட்டவே நேரம் சரியாக இருந்தது. அதற்கடுத்த வருஷம் ஆடி மாதம் ஸ்ரீரங்கத்து வீட்டில் இறந்துபோனார். அந்தத் தாத்தா திரும்ப வண்டியில் ஏறினாரா இல்லையா என்பது அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது.

3

போன வருஷம் ஆடியில் தலைத் திதிக்கு நானும் தன்யாவும் போனோம். சுமதிக்கு லீவு கிடைக்கவில்லை. என் பையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அதற்குள் அம்மாவைக் கனடாவுக்கு நிரந்தரமாகக் கூட்டிப்போவதற்கான விண்ணப்பம். அம்மாமண்டபம் சாலைக்குப் பின்னாலிருக்கிற சந்தில், அந்த வீட்டில், அம்மா ஒரு வருஷமாகத் தனியாக இருந்தாள். தினமும் போனில் நான் கேட்பேன், அவள் பேச்சை மாற்றுவாள். இந்தத் தடவை பதில் இல்லாமல் விமானம் ஏறுவதில்லை என்று சுமதியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

திதி முடிந்த மறுநாள் ஃபைலைப் பிரித்தேன். பெயர், பிறந்த தேதி எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவள், கல்யாண விவரம் என்ற இடத்தில் நின்றாள். மணமானவர், கணவரை இழந்தவர் என்று நாலைந்து கட்டங்கள். ஒன்றில் டிக் அடிக்க வேண்டும்.

“இது கண்டிப்பா அடிக்கணுமா?”

“அடிக்கணும்மா.”

“காலியா விட்டா?”

“திருப்பி அனுப்பிடுவாங்க.”

கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள்: “வருஷம் முடிஞ்சிருச்சுல்ல, குலசாமிக்குப் பொங்கல் வைக்கணும். தொட்டியத்துக்குப் போவோம். அங்க பூக்கட்டிப் பாத்துடறேன். வெள்ளை வந்தா ஒங்கூட வரேன். செவப்பு வந்தா இங்கயேதான். அதுக்கப்புறம் நீயும் கேக்கக்கூடாது, நானும் பேச மாட்டேன்.”

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்காக இதைச் சொல்ல வேண்டும். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்பது. வருகிற நிறம்தான் சாமியின் பதில். தன்யா கேட்டுவிட்டு, “பேஸிக்கலி காயின் டாஸ்” என்றது. பல்கலைக்கழகம் போகப்போகிற பெண்.

சரி என்றேன். அரசாங்க அலுவலகம் பதில் சொல்ல எடுக்கும் மாதங்களோடு ஒப்பிட்டால், எங்கள் குலசாமி ஒரே நாளில் முடித்துக்கொடுக்கிறது.

அம்மாவுக்கு ஒரே ஒரு கவலை. “மூணு பேரா போறது நல்லாயில்லப்பா. நல்ல காரியத்துக்கு மூணு ஆகாது.”

“அதுக்கென்னம்மா, வழியில யாரையாவது கடத்திட்டு போவோம்.”

“வாய் மட்டும் அப்படியே ஒங்கப்பா. நான் பாத்துக்கறேன், நீ போயி குளி.”

4

டிரைவர் வேண்டாம், நானே ஓட்டுகிறேன் என்றதுதான் அடுத்த முட்டாள்தனம். இருபது வருஷமாக அந்தப் பக்கம் உட்கார்ந்து ஓட்டியவன் இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். திரும்புவதற்கு இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஆடியது. தன்யா முன்சீட்டில் இருந்து அதை எண்ணிக்கொண்டு வந்தது.

கிளம்பும்போது பின்சீட்டைப் பார்த்தேன். வலது பக்கம் அம்மா. இடது பக்கம், அப்பா எப்போதும் உட்காரும் கதவோர இடத்தில், அவருடைய காக்கிச் சட்டை. சீட்டின் முதுகில் மாட்டி, பட்டன் எல்லாம் போட்டிருந்தது. கீழே காக்கி பேன்ட் மடித்து வைத்திருந்தது.

“சாமிகிட்ட வச்சு எடுத்துட்டு வரலாம்னு. யாரும் தொடாதீங்க” என்றாள் அம்மா.

ஸ்ரீரங்கத்துத் தெருக்களிலும் திருவானைக்காவல் நெரிசலிலும் நடக்கிற வேகத்தில்தான் போனோம். கொள்ளிடம் பாலம் தாண்டி, டோல்கேட்டில் திரும்பி, சேலம் ரோட்டில் கொஞ்சம் மிதித்தேன். உடனே ஆரம்பித்தது. பீப். பீப். பீப். முன்னால் சின்னத் திரையில் நாலு மனித உருவம். மூன்று பச்சை. ஒன்று சிவப்பு.

“யாரோ பெல்ட் போடலப்பா” என்றது தன்யா. “பேக் சீட். லெஃப்ட்.”

“அங்க யாரும் இல்லயே.”

“கார் இருக்குன்னு சொல்லுது.”

கண்ணாடியில் பார்த்தேன். அம்மா ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு இரண்டு கரையும் தொட்டுச் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் காக்கிச் சட்டை, கார் குலுங்குவதற்கு ஏற்ப, தூங்குகிறவன் தோள்போல மெல்ல ஆடியது.

“பழைய கார் போல” என்றேன். அந்தக் காரின் சீட்டில் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் கிழிக்கவில்லை.

ஓரமாக நிறுத்தி இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்தேன். சட்டை. பேன்ட். கற்பூரமும் வெற்றிலையும் கலந்த அப்பாவின் வாசனை. தொடவில்லை. அம்மா சொன்னதற்காக என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவைச் சாத்தியபோது ஒன்றைக் கவனித்தேன். தூங்குகிற ஆளை எழுப்பிவிடாமல் சாத்துவதுபோல், கைப்பிடியை அழுத்தி, சத்தமில்லாமல் சாத்தியிருந்தேன்.

மறுபடி கிளம்பினேன். பீப். பீப்.

ஜோக் அடித்துப் பார்த்தேன். “எவனோ ஓசில வர்றான்” என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அப்பாவின் ரூட் இது. வாத்தலை, குணசீலம், முசிறி, தொட்டியம் என்று ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும் தூக்கத்திலும் சொல்லுவார். என் பிடரி மயிர் மட்டும் தனியாக எழுந்து உட்கார்ந்திருந்தது.

குணசீலத்தில் இளநீர்க்கடை பார்த்து நிறுத்தினேன். மனம் பேதலித்தவர்களைக் குணமாகக் கூட்டிவரும் கோயில் உள்ள ஊர். அம்மா என்னை அங்கேயே இறக்கிவிட்டுப் போயிருந்தாலும் தப்பில்லை. மூன்று இளநீர் என்றேன். கடைக்கார அம்மாள் நாலு வெட்டினாள்.

“மூணுதாங்க கேட்டேன்.”

“உள்ள ஒருத்தரு உக்காந்திருக்காருல்ல? காக்கிச் சட்டை போட்டவரு. அவருக்கு வேணாமா?”

கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தெரியும். இது இப்போது எனக்குத் தெரிகிறது. அப்போது நாலாவது இளநீரையும் வாங்கிக்கொண்டேன். வாங்கி, காருக்குள் எங்கே வைப்பது என்று தெரியாமல், நானே குடித்தேன்.

5

குணசீலம் தாண்டியதும் ஆடிக் காற்று பிடித்துக்கொண்டது. பக்கவாட்டுக் கண்ணாடியைச் சரிசெய்யப்போய் வேறு எதையோ அழுத்தியிருக்கிறேன். பின்பக்கம் இடது ஜன்னல் ஒரு விரல் அளவுக்கு இறங்கியது. அழுத்தியது நான்தான் என்று அப்போது தெரியாது. தானாக இறங்கியது என்றுதான் நினைத்தேன்.

பிறகு அந்த விசில். ஒரே ஒரு விசில், நீளமாக. ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ. பேசத் தெரிவதற்கு முன்பே எனக்கு இது தெரியும். மூளை யோசிப்பதற்குள் கால் பிரேக்கை மிதித்துவிட்டது. கார் சறுக்கி ஓரத்து ஈர மண்ணில் இறங்கி நின்றது. அதே நொடியில் இடது பக்கத்து வாழைத்தோப்புச் சந்திலிருந்து, வாழைத்தார் ஏற்றிய மினி லாரி ஒன்று, ஹாரனும் இல்லாமல் எங்கள் மூக்குக்கு முன்னால் ரோட்டில் ஏறிப் போனது.

தன்யா காதிலிருந்து இயர்போனைக் கழற்றியது. “எப்படித் தெரிஞ்சது ஒனக்கு?”

“அனுபவம்” என்றேன்.

இறங்கிப் பார்த்தால் முன்சக்கரம் மண்ணில் பாதி புதைந்திருந்தது. குனிந்தேன். டர்ரென்று ஒரு சத்தம். கனடாவில் வாங்கிய, எவ்வளவு வேண்டுமானாலும் இழுபடும் என்று எழுதியிருந்த பேன்ட், பின்பக்க இடுப்புப் பட்டையிலிருந்து முன்பக்கம் வரை இரண்டாகப் பிரிந்துவிட்டது. தோப்பில் களை எடுத்துக்கொண்டிருந்த நாலைந்து பெண்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு எழுந்து வந்தார்கள். காரைத் தள்ளிவிடத்தான் வந்தார்கள். அதற்கு முன்னால் நின்று நிதானமாகப் பார்த்தார்கள்.

“அண்ணே, ஆடிக் காத்து அம்மியையே தூக்கும்பாங்க. நீங்க வச்சிருக்கறது அவ்வளவு கனமில்ல, பொத்திக்குங்க” என்றாள் ஒருத்தி.

“விடுடி, வெளிநாட்டுச் சாமான் போல. காத்து வாங்கட்டும்” என்றாள் இன்னொருத்தி.

கைக்குக் கிடைத்தது அந்த பிளாஸ்டிக் ஃபைல்தான். அம்மாவின் விண்ணப்பத்தால் பின்பக்கத்தை மறைத்துக்கொண்டு, நாமக்கல் போகிற பஸ்களுக்கு முன்னால் நின்றேன். தன்யா என்னைப் பார்த்தது, ஃபைலைப் பார்த்தது. “அப்பா, அந்தப் படம். அந்தத் தாத்தா. மேப்” என்று சொல்லி ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டது.

அம்மாவும் சிரித்தாள். ஒரு வருஷமாகப் போனில் நான் கேட்காத சிரிப்பு.

தள்ளிவிட்டுப் பெண்கள் போனார்கள். இனி இந்தக் கோலத்தில் சாமி முன்னால் நிற்க முடியாது. பின்சீட்டில் ஒரு பேன்ட் இருந்தது. “அம்மா, வேற வழியில்ல” என்றேன். அவள் “இரு, நான் எடுக்கறேன்” என்று கதவைச் சுற்றி வருவதற்குள், இருக்கிற தைரியத்தையெல்லாம் சேர்த்து, கண்ணை மூடிக்கொண்டு, காக்கி பேன்ட்டைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன்.

மடிப்புக்குள்ளிருந்து என்னவோ உருண்டு வந்து என் கால் கட்டைவிரலில் விழுந்தது. நான் போட்ட சத்தத்துக்குத் தோப்பிலிருந்து பெண்கள் மறுபடி எட்டிப் பார்த்தார்கள்.

எங்கள் வீட்டு அம்மிக் குழவி.

“என்னம்மா இது?”

“குழவி.”

“அது தெரியுது. அப்பா பேன்ட்டுக்குள்ள ஏன் இருக்கு?”

“மூணு பேரா போகக்கூடாதுன்னு சொன்னேன்ல. கூட ஒரு கல்லு வச்சுக்கிட்டா நாலு.”

“எல்லாரும் ரோட்டுல கெடக்கற ஒரு ஜல்லிய எடுத்துப் போட்டுக்குவாங்க. அது போதாதா?”

“ஒங்கப்பாவுக்குப் பதிலா ஜல்லியா வைப்பேன்?”

“இவ்வளவு நேரம் பீப் அடிச்சுதே, சொல்லியிருக்கலாம்ல?”

“பயந்துக்கிட்டு மெதுவா ஓட்டினே. நல்லதுதானேன்னு விட்டுட்டேன்.”

விசிலைப் பற்றியும் கேட்டேன். “விசிலா? நான் ஒண்ணும் கேக்கலயே” என்றாள். தன்யா காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு விரல் ஜன்னல் இடைவெளியில் ஆடிக் காற்று நுழைந்தால் விசில்போல ஊதும். வீடு திரும்பும் வழியில் ஜன்னலை அதே அளவுக்கு இறக்கி மூன்று தடவை பார்த்தேன். ஊதியது. ஆனால் விட்டுவிட்டு, நடுங்கி நடுங்கி ஊதியது.

6

அப்பாவின் காக்கி பேன்ட் எனக்கு இடுப்பில் பெரிசு. தன்யாவின் துப்பட்டாவைப் பெல்ட்டாகக் கட்டிக்கொண்டேன். குழவியை அம்மா மறுபடி அதே இடத்தில் வைத்தாள். இந்தத் தடவை நானே அதற்கு சீட் பெல்ட் போட்டேன். பீப் நின்றது. திரையில் நாலும் பச்சை.

போகிற வழியில் அம்மா தன்யாவிடம் கேட்டாள்: “சாமி, அந்தப் படத்துல தாத்தா அப்புறம் என்ன ஆனாரு?”

“ஏறல அப்பாயி. அவங்க திரும்பி வந்து கூப்பிட்டாங்க. அவர் வர மாட்டேன்னுட்டார். அந்த ஊர்லயே இருந்துட்டார்” என்றது தன்யா. அது எப்போதோ தனியாக மிச்சத்தைப் பார்த்திருக்கிறது. “கடைசி சீன்ல டான்ஸ்லாம் ஆடறார்.”

“துணி போட்டுக்கிட்டா?”

“போட்டுக்கிட்டுதான்.”

“நல்லவேளை” என்றாள் அம்மா.

கோயிலில் பொங்கல் பொங்கியது. பூப் பொட்டலம் இரண்டையும் அம்மா வீட்டிலேயே கட்டி, மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். பூசாரி வாங்கி சாமி காலடியில் போட்டார். “யாராவது சின்னப் புள்ளையா எடுங்க” என்றார். இருந்ததில் சின்னப் பிள்ளை தன்யாதான். அது குனிந்து ஒன்றை எடுத்துப் பிரித்தது.

செவ்வரளி.

காற்றில் கோயில் மணி தானாக ஒரு தடவை அசைந்தது. காலையிலிருந்து எல்லாவற்றையும் கிண்டலடித்துக்கொண்டு வந்தவன், அங்கே சாஷ்டாங்கமாக விழுந்தேன். பீப்புக்குக் குழவி காரணம், சரி. விசிலுக்கு ஜன்னல் காரணம், சரி. இதற்கு யார் காரணம்? சாமி சொல்லிவிட்டது, ஒருவேளை சாமி பக்கத்தில் நின்று அப்பாவும் சொல்லியிருக்கிறார் என்று நம்பினேன். நான் சொன்ன இரண்டாவது நம்பிக்கை இதுதான். எழுந்தபோது, மிதிபட வேண்டாமே என்று கீழே கிடந்த இன்னொரு பொட்டலத்தை எடுத்து பேன்ட் பையில் போட்டுக்கொண்டேன். கண்டக்டர் பை, முழங்கால்வரை ஆழம்.

“சாமியே சொன்னப்புறம் நான் என்னம்மா பண்றது” என்றேன்.

“ஆமாம்ப்பா, நாம என்ன பண்ண முடியும்” என்றாள் அம்மா. அவள் கண் தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தது.

பத்து நாள் கழித்து திருச்சி ஏர்போர்ட் வாசலில் தன்யாவையும் என்னையும் ஒரு தடவை விரலால் தொட்டு எண்ணினாள். “ரெண்டு பேருதான். கல்லு வேணாம்” என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஆட்டோவில் ஏறினாள். அவள் அங்கே நன்றாக இருக்கிறாள். நான் அதற்குப் பிறகு கேட்கவில்லை. அந்த ஃபைல் என் மேஜை இழுப்பறையில், டிக் அடிக்காத அந்தக் கட்டத்தோடு, அப்படியே இருக்கிறது.

கோயிலுக்குப் போய்வந்த அன்று சாயங்காலம், ஸ்ரீரங்கத்து வீட்டுக் கிணற்றடியில் அப்பாவின் பேன்ட்டைத் துவைக்கப் போடும்போது பையைத் துழாவினேன். மறந்தே போயிருந்த அந்த இரண்டாவது பொட்டலம் கையில் வந்தது. அம்மா சமையலறையில் குழவியைக் கழுவி அம்மிமேல் வைத்துக்கொண்டிருந்தாள். நூலைப் பிரித்துப் பார்த்தேன்.

அதிலும் செவ்வரளிதான் இருந்தது.